இசக்கிச்செல்வி டீச்சரின் கன்னங்கள்

முதல் பீரியட் முடிந்து மைதானத்திலிருந்து வந்த இசக்கிச்செல்வி, ஆசிரியர் அறைக் கேனில் தண்ணீர் பிடித்து இன்னும் ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை. தமிழ் டீச்சர் வனிதா போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாக்கா?”

“என்னத்தச் சொல்ல?”

“இந்தா, இத.”

போனில் ஒரு விளம்பரம். அக்கம்பக்கமாக இரண்டு படங்கள். இடது பக்கம் இருந்தது இசக்கிச்செல்வி. கன்னம் இரண்டும் சரிந்து, வாயோரம் கீழே இழுபட்டு, தாடைக்கு அடியில் சதை தொங்க, அன்றாடம் கண்ணாடியில் பார்க்கிற அதே முகம். வலது பக்கம் இருந்ததும் இசக்கிச்செல்விதான். ஆனால் அந்த இசக்கிச்செல்விக்குக் கன்னம் மேலே ஏறி நின்றது. தாடை விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. கீழே எழுதியிருந்தது: ‘கத்தி இல்லை, தையல் இல்லை. நாற்பதே நிமிடம். எங்கள் வாடிக்கையாளர், வயது 51.’

டம்ளர் சாய்ந்து தண்ணீர் முழுக்க ஷூவில் கொட்டியது அவளுக்குத் தெரியவில்லை.

வனிதா படத்தையும் எதிரே நிற்கிறவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆனா ஒங்க மூஞ்சி அப்படியேதான இருக்கு? அப்பம் இது எப்பிடி?”

“நான் ஒண்ணுமே செய்யலயே வனிதா. சத்தியமா ஒண்ணுமே செய்யல.”

வனிதா படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். “இங்கன பாருங்க. ரெண்டு படத்துலயும் நெத்தியில அதே முடி அதே எடத்துல கெடக்கு. அதே தோடு, அதே சாய்வு. ஒரே போட்டோவத்தான் கம்ப்யூட்டர்ல போட்டு மாத்திருக்கான்.”

இசக்கிச்செல்வி வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயதில், மாநில அளவிலான ஹாக்கிப் போட்டியில் பந்து பட்டுத் தாடை கிழிந்து மூன்று தையல் போட்டார்கள். அந்தத் தழும்பு இடது படத்தில் இருந்தது. வலது படத்தில் இல்லை. அதையும் துடைத்து எடுத்துவிட்டார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோவில்பட்டியில் பெண்பிள்ளைகள் கையில் ஹாக்கி மட்டை இருப்பது யாருக்கும் அதிசயம் இல்லை. இசக்கிச்செல்வி அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்து, பிறகு அவர்களுக்கே உடற்கல்வி ஆசிரியை ஆனவள். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அத்தனையும் வெயிலில். தொப்பி போட்டால் பிள்ளைகள் சிரிக்கும் என்று தொப்பியும் போட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் வந்தது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். எதையும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஒரே வருஷத்தில் பதினெட்டு கிலோ குறைத்தாள். உடம்பு சின்னப் பிள்ளை மாதிரி ஆயிற்று. முகம் மட்டும் தனியாகக் கழன்று கீழே வந்துவிட்டது.

அழகு போயிற்றே என்று அவள் வருத்தப்பட்டதில்லை. அவளைப் பிடித்து ஆட்டியது வேறொரு விஷயம். வாயோரம் இரண்டும் கீழே இழுபட்டுப் போனதால், சும்மா இருந்தாலும் அவள் முகம் கோபமாக இருந்தது; இல்லையென்றால் அழுதுவிட்டு வந்த மாதிரி இருந்தது. “ஒடம்பு சரியில்லையா டீச்சர்?” “வீட்ல ஏதும் பிரச்சினையா டீச்சர்?” ஒரு நாளைக்கு நான்கு பேராவது கேட்டார்கள். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையிடம், “ஏட்டி, ஷூ லேஸக் கட்டு” என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விசும்பி விசும்பி அழ ஆரம்பித்துவிட்டது. அன்றைக்குத்தான் தீர்மானித்தாள், இதற்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று.

யாரிடமும் சொல்லவில்லை. மின்வாரியத்தில் போர்மேனாக இருக்கும் வீட்டுக்காரர் வேல்சாமியிடமும் சொல்லவில்லை. பொங்கல் லீவில், நடுவர் கூட்டம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள். ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்தக் கிளினிக். வாசலிலேயே குளிர் முகத்தில் அடித்தது. இந்துஜா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண், டாக்டரைக் காட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள்.

“நூல் போட்டுத் தூக்கிரலாம் மேடம். தோலுக்கு அடியில போகும். மதியம் வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். ஒங்களுக்கு ரெண்டு பக்கமும் ஆறு ஆறு நூல்.”

“பெறகு?”

“பெறகென்ன மேடம், சிரிச்சிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.”

நேராக, இடமாக, வலமாக மூன்று போட்டோ எடுத்தார்கள். ஒரு டேப்லெட்டை நீட்டி, இங்கே கையெழுத்து, இங்கே கையெழுத்து என்றார்கள். விரலால் கிறுக்கினாள். கிளினிக் முதலாளி ஹரிஹரசுதன் வந்து, “இன்னைக்கே பண்ணிட்டா நல்லது” என்று அவசரப்படுத்தியதும்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பிள்ளைகளுக்கு ஷூ வாங்கப் போனாலே நான்கு கடை ஏறி இறங்குகிறவள் அவள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். அத்தோடு அது முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

விளம்பரம் வந்த அன்று சாயங்காலம், வேல்சாமி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். வண்டிச் சாவியை மேஜையில் போட்டார். சட்டையைக்கூட மாற்றவில்லை.

“ஆபீஸ்ல எல்லாவனும் ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். ‘அண்ணாச்சி, அண்ணிக்கு நல்லா செட் ஆயிருச்சே’ங்கான் ஒருத்தன். நான் என்ன பதில் சொல்ல?”

“நான் எதுவும் செஞ்சிக்கிடல. விசாரிக்கத்தான் போனேன்.”

“நடுவர் கூட்டம்னியே?”

வேல்சாமி சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் முகம் சுண்டிப்போய், “இருவத்தெட்டு வருஷமா ஒன் மூஞ்சியில எதும் கொற இருக்குன்னு நான் சொல்லிருக்கனா?” என்று மெல்லத்தான் கேட்டார்.

“ஒங்களுக்காக இல்லங்க. எனக்கே பாக்க முடியல. பிள்ளைங்க பயப்படுதுங்க.”

அது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் கிளினிக்குக்குப் போன் போட்டாள். இந்துஜாதான் எடுத்தாள். குரலில் கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை. “அது மாதிரிப் படம்தான் மேடம். இப்படி வரும்னு காட்டுறதுக்கு. போட்டோவ யூஸ் பண்ணிக்கிடலாம்னு நீங்கதான சைன் போட்டிருக்கீங்க?” அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வந்து விழுந்தது. அடியில் அவள் விரலால் கிறுக்கிய கையெழுத்து. ‘இசக்கிச்செல்வி.ம’ என்று, பிள்ளைகளின் சான்றிதழில் போடுகிற அதே கையெழுத்து. வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் வருஷா வருஷம் சொல்கிறவள் அவள்.

வெட்கம் அவள் வாயைக் கட்டிவிட்டது. இரண்டு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று இருந்துவிட்டாள். கடைவீதியில் யாராவது கேட்டால், “அது நான் இல்ல” என்று நடையைக் கட்டினாள். அந்த நாட்களில்தான் கழுகுமலையிலிருந்து ஒரு போன் வந்தது. ராதாமணி பேசினாள். அங்கே பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவள். அவள் மகள் இந்தப் பள்ளியில் கோல்கீப்பர்.

“டீச்சர், போன்ல ஒரு விளம்பரம் பாத்தேன். அது நீங்கதான?”

பக்கத்தில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். இசக்கிச்செல்விக்கு எப்படியாவது பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது. “ஆமாமா, நான்தான். பெறகு பேசுதேன்” என்று வைத்துவிட்டாள். பிறகு பேசவே இல்லை.

மார்ச் மாதம் இரண்டாவது வாரம், மதிய வெயிலில் மைதானத்தின் ஓரம் ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பக்கத்தில் போனாள்.

“யாரு?”

அந்தப் பெண் துப்பட்டாவை இறக்கினாள்.

இசக்கிச்செல்வி இரண்டடி பின்வாங்கிவிட்டாள். அது ராதாமணி என்று குரலைக் கேட்ட பிறகுதான் நம்ப முடிந்தது. இடது கன்னம் கன்றிச் சிவந்து கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. காதுக்கு முன்னால் ஒரு துளையிலிருந்து சீழ் கசிந்துகொண்டிருந்தது. வலது கன்னத்தில் ஓர் இடம் உள்ளே இழுத்துக் குழி விழுந்திருந்தது.

“ஒங்க மூஞ்சிய நம்பித்தான டீச்சர் போனேன்?” என்றாள் ராதாமணி. வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. “நான் கேட்டதுக்கு ஆமான்னு சொன்னீங்கள்லா?” பிறகுதான் அவள் எதிரே இருந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். தொங்கிப்போன கன்னம், இழுபட்ட வாய். எதுவும் மாறவில்லை. ராதாமணியின் கண் விரிந்தது. “நீங்க செஞ்சிக்கிடவே இல்லையா? அப்பம் எதுக்கு டீச்சர் ஆமான்னு சொன்னீங்க?”

ஹாக்கி மைதானத்தில் எத்தனையோ அடி வாங்கியவள்தான். இப்படி ஓர் அடியை அவள் வாங்கியதில்லை. அது நானா என்று கேட்டதற்கு ஆமாம் என்றேன், செய்துகொண்டேன் என்று சொல்லவில்லையே என்று ஒரு நியாயம் தொண்டை வரை வந்தது. வெட்கங்கெட்ட நியாயம். அதை விழுங்கினாள்.

“தப்பு எம்மேலதான் ராதா. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு நட. மத்தத பெறகு பேசுவோம்.”

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளைத் திருநெல்வேலி பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே பிளாஸ்டிக் சர்ஜன் டாக்டர் சத்யபிரியா. முப்பத்தைந்து வயது இருக்கலாம், கண்டிப்பான ஆள். கன்னத்தை அமுக்கிப் பார்த்து, “யாரு போட்டா? டாக்டரா?” என்றார்.

“ஒரு பிள்ளதான் போட்டுச்சு. வெள்ளக் கோட்டு போட்டிருந்துச்சு. டாக்டர்னுதான் நெனச்சேன்.”

டாக்டர் கையுறையை மாட்டினார். மரத்துப்போக ஊசி போட்டு, சீழை வெளியேற்றி, உள்ளே புதைந்து கிடந்த நூல்களை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இசக்கிச்செல்வி, தட்டில் வந்து விழுந்த நூல்களைப் பார்த்தாள். மெல்லிசாக, முள் முள்ளாக இருந்தன. நாற்பது நிமிடம் என்று சொன்னது இதைத்தானா? தனக்கு ஆறு ஆறு என்று சொன்னது இதையா?

ராதாமணியைப் படுக்கையில் சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது, டாக்டர் இவள் முகத்தைப் பார்த்தார். “நீங்களும் போட்டுக்கிடலாம்னு இருந்தீங்களோ?”

பொய் சொல்ல இனித் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் ஒரு முகம் வரைந்தார்.

“நூல் தப்பான பொருள் இல்ல. லேசா தொய்ஞ்சிருந்தா, தெரிஞ்சவங்க போட்டா, ஒண்ணு ஒன்றரை வருஷம் தாங்கும். ஒங்க சதைக்கும் தோலுக்கும் அது தாங்காது. ஊசி வழியா நெரப்புறது ஒண்ணு இருக்கு. அது பள்ளத்த மூடும், தொங்குறதத் தூக்காது. அளவு மீறினா முகம் ஊதிப்போகும். மெஷின்ல சூடு குடுக்கிறதும் ஒண்ணு இருக்கு. ஒல்லியான முகத்துல இருக்கிற கொஞ்சக் கொழுப்பும் அதுல கரைஞ்சா இன்னும் தொங்கும்.”

“அப்பம் வழியே இல்லையா டாக்டர்?”

“ஆபரேஷன் ஒண்ணுதான் வழி. காதுக்கு முன்னாடி, பின்னாடி கீறி, உள்ள இருக்கிற படலத்த இழுத்துத் தைக்கணும். மூணு வாரம் வெளிய தல காட்ட முடியாது. காது மடல் மாசக்கணக்குல மரத்துக் கெடக்கும். நரம்புல பட்டா வாய் கோணலாம், ரொம்ப அபூர்வம், ஆனா சொல்லணும். மூணு மாச சுகர் கணக்கு ஏழுக்குக் கீழ இருந்தாத்தான் எந்த டாக்டரும் தொடணும். ஒண்ணுமே செய்யாம இருக்கிறதும் ஒரு வழிதான். அதையும் யோசிங்க.”

இத்தனை கெடுதலையும் முகத்துக்கு நேரே சொன்ன ஒருவரை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

நான்காம் நாள் ராதாமணியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டதும் இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். கூடவே வேல்சாமியும் வந்தார். நானும் வாரேன் என்று அவராகத்தான் சட்டையை மாட்டினார். ஹரிஹரசுதன் உட்காரக்கூடச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருக்கிறது என்றான். ராதாமணி முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் சீழ் பிடித்தது என்றான். ஊரிலேயே சுத்தக்காரி என்று பெயர் எடுத்தவள் அவள்.

“மூஞ்சியப் படம் பிடிக்கத்தான்யா கையெழுத்துப் போட்டா,” என்றார் வேல்சாமி. “செய்யாத வைத்தியத்தச் செஞ்சதாச் சொல்லவா போட்டா?”

“வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க சார்.”

மூவரும் ஊர் திரும்பப் பஸ் ஏறினார்கள். கயத்தாறு தாண்டியதும் இசக்கிச்செல்வி சொன்னாள்: “என் மூஞ்சிய வச்சுத்தான ஊர ஏமாத்துதான். அதே மூஞ்சிய வச்சே நான் சொல்லுதேன்.”

மறுநாள் காலை மைதானத்தில், நல்ல வெளிச்சத்தில், வனிதா போனைப் பிடித்தாள். ஒரு கையில் விளம்பரத்தின் அச்சுப் படம். அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இசக்கிச்செல்வி பேசினாள். “என் பேரு இசக்கிச்செல்வி. பி.டி. டீச்சர். இதுல இருக்கிறது நான். இந்த எடது பக்கம் மட்டும்தான் நான். இன்னைக்குத் தேதிக்கும் என் மூஞ்சி இதுதான். வலது பக்கம் இருக்கிற பொம்பள பொறக்கவே இல்ல. எங்கிட்ட ஒருத்தர் கேட்டப்ப வெக்கப்பட்டு ஆமான்னுட்டேன். அதனால அவிய போயி மாட்டிக்கிட்டாவ. எனக்கு மன்னிப்பே கெடையாது.”

முகத்தைக் காட்ட மாட்டேன் என்று அதுவரை ஓரமாக நின்ற ராதாமணி, வேகமாக வந்து கட்டுப் போட்ட கன்னத்தோடு பக்கத்தில் நின்றாள். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளையும் சேர்த்துப் பிடிக்க வனிதா போனை நகர்த்தியதில் படம் கொஞ்சம் ஆடிவிட்டது. அப்படியே அனுப்பினார்கள்.

மதியத்துக்குள் அது ஊர் ஊராகப் போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் விளம்பரத்தைக் காணோம். ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த இரண்டு நாட்களில் வந்த போன்கள். விருதுநகரிலிருந்து ஒருத்தி, தூத்துக்குடியிலிருந்து ஒருத்தி, விளாத்திகுளத்திலிருந்து அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துப் போனவர்கள். ஒருத்திக்கு வாய் ஒரு பக்கம் திறக்கவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் போனதால் வெளியே சொல்லாமல் கிடந்திருக்கிறார்கள். இசக்கிச்செல்வி ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டாள். சுகாதாரத் துறை அலுவலகத்தில் ஆறு பேருமாகப் போய் எழுதிக் கொடுத்தார்கள். ராதாமணிக்கு டாக்டர் சத்யபிரியா எழுதிக் கொடுத்த சீட்டும் கூடப் போயிற்று. விசாரணைக்கு ஆள் வந்தபோது நூல் போட்ட பெண் எந்த மருத்துவப் படிப்பும் படிக்காதவள் என்று தெரிந்தது. கிளினிக் கதவில் சீல் விழுந்தது. கேஸ் இன்னும் நடக்கிறது.

இத்தோடு டீச்சர் அந்த நினைப்பையே விட்டிருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேல்சாமியிடம் அவள் சொன்னாள்.

“மே லீவுல ஆபரேஷன் செஞ்சிக்கிடலாம்னு இருக்கேன். மதுரையில. சத்யபிரியா டாக்டருக்குச் சொல்லிக் குடுத்த டாக்டராம். சுகர் ஆறு புள்ளி ஆறு.”

வேல்சாமியின் கையில் இருந்த சோறு இலையிலேயே விழுந்தது. “இம்புட்டுக் கூத்துக்குப் பெறகுமா?”

“ஏமாத்துனவன் மேல உள்ள கோவத்துக்கு என் விருப்பத்த எதுக்கு விடணும்? இந்தத் தடவ எல்லாத்தையும் வாசிச்சுட்டேன். வாய் கோணினாலும் கோணலாம். அதும் தெரியும். ஒங்களுக்குத் தெரியாமப் போக மாட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க.”

அவர் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “எத்தன நாள் தங்கணும்?” என்று கேட்டார் கடைசியில்.

மே மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியைக் கையில் வாங்கியவள், அலறிவிட்டாள். தலை பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. கண்ணுக்குக் கீழே கருநீலம், கழுத்து வரை மஞ்சள். ஏமாந்துவிட்டோம், மறுபடியும் ஏமாந்துவிட்டோம் என்று கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். மதுரை டாக்டர் முன்பே சொன்னதுதான். சொன்னது வேறு, பார்ப்பது வேறு. முதல் வாரம் முழுக்க வேல்சாமி வீட்டுக் கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்தார். காதைச் சுற்றித் தையல் இருந்ததால் அவளால் தலைக்கு ஊற்ற முடியவில்லை. அவரே செம்பில் தண்ணீர் மோந்து, தையலில் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மின்கம்பத்தில் ஏறிப் பழகிய கை. அது இத்தனை பக்குவமாக வேலை செய்யும் என்று இருபத்தெட்டு வருஷத்தில் அவளுக்குத் தெரியாது.

வீக்கம் வடிய ஒரு மாதம் ஆயிற்று. வடிந்த பிறகு வந்த முகம் பிரமாதமான முகம் ஒன்றும் இல்லை. கண்ணோரச் சுருக்கம் அப்படியே இருந்தது. வெயில் கருக்கிய தோலும் அப்படியே. வாயோரம் மட்டும் நேராகிவிட்டது. தாடைக்கு அடியில் தொங்கியது போய்விட்டது. நன்றாகத் தூங்கி எழுந்த இசக்கிச்செல்வி, அவ்வளவுதான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் அவளே வாயைத் திறந்தாள். ஆபரேஷன் செய்துகொண்டேன், இங்கே கீறினார்கள், இத்தனை நாள் படுத்தேன், முதல் வாரம் செத்துப்போகலாம் போல இருந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். இந்த வயதில் இது தேவையா என்று சிலர் அந்தப் பக்கம் போய்ப் பேசினார்கள். அவள் காதிலும் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள்.

ஜூலையில் பெற்றோர் கூட்டத்துக்கு ராதாமணி வந்தாள். கன்னத்தில் வீக்கம் இல்லை. காதுக்கு முன்னால் சின்ன வடு, வலப்பக்கக் குழி பாதி நிரவியிருந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் மட்டும் நின்றாள்.

“எங்கன கீறினாவ டீச்சர்? நான் பாக்கலாமா?”

இசக்கிச்செல்வி முடியை ஒதுக்கிக் காட்டினாள். ராதாமணி குனிந்து, காதை ஒட்டி ஓடிய இளஞ்சிவப்புக் கோட்டை விரல் நுனியால் தொட்டாள்.

“வலிக்கா?”

“நீ தொட்டதே தெரியல. மடல் இன்னும் மரத்துத்தான் கெடக்கு. கம்மல் கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது.”

“எனக்கும் இப்பிடிச் செஞ்சா இந்தக் குழி போயிருமா?”

“தெரியாது ராதா. எனக்குத் தெரிஞ்சத மட்டும்தான் இனிமே சொல்லுவேன். சத்யபிரியா டாக்டர்ட்ட கேப்போம். வேண்டாம்னு சொன்னாவன்னா வேண்டாம்தான், செரியா?”

ராதாமணி தலையாட்டினாள். செவ்வாய்க்கிழமை ஓ.பி. உண்டு, காலை பஸ்ஸுக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டு, இசக்கிச்செல்வி வெயிலுக்குள் இறங்கினாள். கழுத்து வரை மறைக்கிற ஒரு பெரிய தொப்பி தலையில் இருந்தது. கோல்கீப்பர் பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தது.

“சிரிக்காத ஏட்டி. போ, மட்டைய எடு.”